ஏ கிரேடு வாங்கின பக்கம்

ஹலோ... ஹலோ, பிரதீப்பா? ... நான் லீலாக்கா பேசுறேன், கொடைக்கானல்லருந்து... ஆமா, ஆமா, காட்டேஜ் லீலாக்காதான்... என்னது? ... மீட்டிங்காவது ஒண்ணாவது, எந்திரிச்சு வெளிய வாப்பா. காலையிலருந்து எட்டு தடவ அடிச்சிட்டேன், எடுக்கவே மாட்டேங்கிற... சரி, சரி, நடந்துக்கிட்டே கேளு. ஆனா கேளு.

ஒரே ஒரு கேள்வி. நம்ம வெப்சைட்டுல அந்த நியூஸ் பக்கம் இருக்குல்ல, நீ எனக்குன்னு காலியா போட்டுக் குடுத்தது... ஆமா, அதான். அதுல நான் எழுதுறத வெளியாளுக வாசிக்க முடியுமா? ... சுத்தி வளைக்காத. முடியுமா, முடியாதா? ... யாரு வேணாலுமா?

... மாதாவே.

... இல்ல, லைன்லதான் இருக்கேன். ஒக்காந்துட்டேன், அதான் சத்தம்.

என்ன ஆச்சா? காலையில வெள்ளனே ஒரு போன் வந்துச்சுப்பா. சேனாதிபதின்னு... அந்தப் பொண்ணோட அப்பா. கண்மணியோட அப்பா... ஆமா, அந்தக் கண்மணிதான். போன ஜனவரியில நம்ம மூணாம் நம்பர் ரூம்ல புருசனும் பொண்டாட்டியுமா செத்துக் கெடந்துச்சுகளே... அந்தப் பொண்ணோட அப்பாவேதான். ஒட்டன்சத்திரத்துல காய்கறி மண்டி வச்சிருக்காரு. ஒரே மக.

... திட்டலப்பா. திட்டியிருந்தா பதிலுக்குப் பேசியிருப்பேன். "அம்மா, நீங்க எழுதினத என் தம்பி மக எனக்கு வாசிச்சுக் காட்டுச்சு, ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னேன்"னாரு. கோர்ட்டுக்குப் பேப்பர் நியூஸு வேணும்னு அந்தப் பிள்ள நெட்டுல தேடுச்சாம். மொத மொத வந்து நின்னதே நம்ம பக்கமாம். அம்புட்டுதான் சொன்னாரு. அப்பறம் மூச்சு வாங்குற சத்தம் கேட்டுச்சு. வச்சிட்டாரு... நான் அந்த மனுசனுக்கு ஒரு கடுதாசி போட்டதில்ல, பிரதீப்பு. என்னத்த வாசிச்சாரு, எங்க வாசிச்சாருன்னு எனக்குப் புரிய இம்புட்டு நேரமாச்சு.

... என்ன தேடுச்சுன்னா? அதான், அந்த ஆறாவது வார்த்த... எந்த ஆறாவதா? நல்லாருக்கே! வாரா வாரம் எனக்கு ரிப்போர்ட் அனுப்புறது யாரு? ... சரி, நீ இல்ல, மெஷின். மெஷின் அனுப்புது. திங்கக்கெழம ஆனா டாண்ணு வந்து நிக்கிது. ஜனங்க நெட்டுல தேடுற ஆறு வார்த்த, ஒவ்வொண்ணுக்கும் நம்ம வெப்சைட்டுக்கு ஒரு கிரேடு... ஆமா, அஞ்சு நீ போட்டது. கொடைக்கானல் காட்டேஜ், அட்டுவம்பட்டி காட்டேஜ், ஹனிமூன் காட்டேஜ், இன்னும் ரெண்டு. ஆறாவது நான் கேட்டு நீ சேத்தது. ஞாபகம் வருதா? ... ம். 'கொடைக்கானல் காட்டேஜ் டெத்'.

... ஏன் கேட்டேன்னா, ரூமுக்குன்னு போன் பண்றவுக எல்லாம், "அந்த ரெட்டச் சாவு விழுந்த காட்டேஜா?"ன்னு கேட்டாக. நெட்டுல அந்தப் பேச்சு இன்னும் ஓடுதா, அடங்கிருச்சான்னு எனக்குத் தெரியணும்ல. நீயும், "சரிக்கா, அதையும் ட்ராக்ல போட்டு விடுறேன்"ன்னு சொன்ன. வேற ஒரு வார்த்த சொன்னியா? சொல்லல. உன் சோலிய முடிச்சிட்டுப் போயிட்ட.

... இரு. எல்லாத்தையும் ஏழு ரோட்டு ப்ரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டு வச்சிருக்கேன். வாசிக்கிறேன், கேளு. நவம்பர் ரெண்டாந்தேதி. கொடைக்கானல் காட்டேஜ் டெத், கிரேடு எஃப். டைட்டில்ல இந்த வார்த்த இல்ல. பெரிய தலைப்புல இல்ல. படத்தோட விளக்கத்துல இல்ல. பக்கத்துல எழுத்தே இல்ல. செவப்பு செவப்பா பெருக்கல் குறி. பிரதீப்பு, நான் இருவத்திரெண்டு வருசம் கான்வென்ட் ஆபீஸ்ல மார்க் லிஸ்ட் போட்டவ. எஃப்புன்னு கண்ணுல பட்டா எனக்குச் சோறு எறங்காது.

... சிரிக்காத... சிரிக்கலயா? சரி.

அதுக்குக் கீழயே என்னென்ன செய்யணும்னும் அதுவே போட்டிருந்துச்சே. ஒண்ணொண்ணா செஞ்சேன். டைட்டில்ல போட்டேன், ஒம்பதாந்தேதி டி வந்துச்சு. பெரிய தலைப்பு போட்டேன். போட்டோ ஒண்ணு வேணும்னுச்சு, மூணாம் நம்பர் ரூம் போட்டோவ ஏத்தி, அதுக்கு விளக்கமா அந்த வார்த்தையவே அடிச்சேன்... ஆமா, அதே போட்டோதான், பூப்போட்ட போர்வ விரிச்சு நீ வந்து எடுத்தியே... வேற எந்த ரூமப் போடச் சொல்ற? ... பதினாறாந்தேதி சி. அப்பறம், "எழுத்து பத்தாது, முந்நூறு வார்த்தையாவது வேணும், அந்தச் சொல்லு உள்ள நாலு தடவையாவது வரணும்"னு கெடந்துச்சு. அத முடிக்கத்தான் ரெண்டு வாரம் ஆச்சு. நேத்து பாத்தேன், ஏ. ஒரு பெருக்கல் குறி இல்ல. எல்லாம் பச்ச டிக்கு. அடுப்படி வேல பாக்குற குஞ்சம்மாவக் கூப்பிட்டுக் காட்டினேன்னா பாத்துக்கோயேன். அவளுக்கு என்ன புரியும், "நல்லதும்மா"ன்னுட்டு பாத்திரம் வெளக்கப் போயிட்டா.

... எதுக்குச் செஞ்சேனா? நல்லா கேட்ட போ. மார்க் எடுத்தா பாஸுதான? பாஸாயிட்டா அந்த வார்த்த நம்மள விட்டுரும்னு நெனச்சேன். எஃப்புன்னா அந்த வார்த்தையில நமக்குக் கெட்ட பேரு இருக்கு, ஏ வந்துட்டா கழுவியாச்சு... அப்படித்தான் நெனச்சேன். வேற என்னத்த நெனைக்க? நீ ஒரு நா ஒக்காந்து சொல்லிக் குடுத்தியா?

இப்பச் சொல்லு. மெதுவா சொல்லு... ம்... ம்... அப்ப அது நல்ல பக்கமா கெட்ட பக்கமான்னு போடுற மார்க் இல்ல... சரி... அந்த வார்த்தையத் தேடி வர்ற ஆளுக்கு நம்ம பக்கம் எம்புட்டுப் பொருத்தம்னு... ம்... அதாவது, சாவுன்னு ஒருத்தன் தேடினா, "இங்க வாங்க, இங்கதான், இங்கதான்"னு நான் எம்புட்டு சத்தமாக் கூவுறேங்கிறதுக்கு மார்க்... ஆமாவா? ... அப்ப எஃப்புல கெடந்தப்பதான் நான் நல்லா இருந்திருக்கேன்.

... பேசாத, செத்த இரு. இந்த ஃபைல மூடி வச்சிர்றேன்.

... ஆனா மேல பட்டன் இல்லையேப்பா! ரூம்ஸ்னு பட்டன் இருக்கு, ரேட்டுக்கு இருக்கு, காண்டாக்ட்டுக்கு இருக்கு. அந்தப் பக்கத்துக்கு பட்டனே கெடையாதே. பட்டன் இல்லாம ஆளு எப்படி உள்ள போகும்? ... லிஸ்ட்டா? எல்லாப் பக்கத்தையும் ஒரு லிஸ்ட்டு போட்டு, நெட்டுல தேடுற எடத்துக்கு நீயே குடுத்து வச்சிருக்கியா? ... ஓ. பட்டன் இருக்குறவுக வாசல் வழியா வர்றாக, தேடுறவுக கொல்லப்பக்கமா வந்துர்றாக. சரி. நல்லது. ரொம்ப நல்லது.

நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அந்தப் பக்கத்துல எழுத்துப் பெட்டிக்குள்ள அடிக்கிறது மெஷினுக்கு மட்டுந்தான்னு நெனச்சேன். பேப்பர் திருத்துற மாதிரி அது வாசிக்கும், மார்க் போடும், மூடி வச்சிரும். மனுசன் வாசிப்பான்னு தெரிஞ்சிருந்தா...

... என்ன சத்தம் அது? கீபோர்டா? திரும்ப சீட்டுக்குப் போயிட்டியா? ... பிரதீப்பு, அந்தப் பக்கத்தத் தொறக்காத... எடுக்குறதுன்னா வாசிக்காம எடு... வாசிக்காதன்னு சொல்றேன்ல... ஏலே, வாசிக்காதன்னா கேக்க மாட்டியா?

...

பிரதீப்பு...

...

எது வரைக்கும் வாசிச்ச?

... ம்... ம்...

... இரு, வாசல்ல ஆளு. "என்ன சூசை? ... போன்ல இருக்கேன், ஆமா, மெட்ராஸ் பார்ட்டி, ரூமுக்குத்தான். ... என்ன வால்வு? ... செத்த நேரம் கழிச்சு வர்றேன், நீ போ... சரி, வர்றேன்னு சொல்றேன்ல."

சூசைமுத்துப்பா. நம்ம வாட்ச்மேன்... ஆமா, அந்த ரெட்டச் சாவு கேஸு அவன் மேலதான. நாளன்னைக்கு வியாழக்கெழம கோர்ட்டு. குத்தத்த ஒத்துக்கிட்டு உள்ள போகப்போறான். டேங்க்கு வால்வு எப்படி மூடணும்னு எனக்குக் காட்டணுமாம். உறைபனி ஆரம்பிச்சிருச்சு, மூடாம விட்டா பைப்பு வெடிச்சிரும், "நான் இல்லாதப்ப யாரும்மா மூடுவா"ன்னு கேக்குறான். ஜெயிலுக்குப் போறவன் கேக்குற கேள்வியப் பாரு.

... என்ன கேட்ட? திரும்பச் சொல்லு... "நெசமாக்கா?"வா? ... அத எழுதினது நான்தான். வேற யாரு எழுதுவா? ... பொய்யின்னு எழுத எனக்கென்ன பைத்தியமா? மொதல்ல ரெண்டு வரிதான் எழுதினேன், "ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறோம், குடும்பத்தாருக்கு ஆறுதல்"னு இங்கிலீஷ்ல. எண்ணிப் பாத்தா இருவது வார்த்த. முந்நூறுக்கு என்ன எழுத? வருத்தத்த எம்புட்டு தடவ எழுத முடியும்? நடந்தத எழுதினாத்தான் நீளுது. எழுதிக்கிட்டே போனேன். முந்நூத்திப் பதினாலு வந்துச்சு. அடிச்சு முடிச்சு அன்னிக்குத்தான் பல மாசத்துக்கு அப்பறம் அசந்து தூங்கினேன்.

... போலீஸ்கிட்டயா? போலீஸ்கிட்ட, "வாட்ச்மேன்தான் கரிச்சட்டி கொண்டு போய் வச்சான், எனக்குத் தெரியாது"ன்னு சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். நீயும் அதத்தான நம்பின? ஊரே அதத்தான் நம்புச்சு. பாவசங்கீர்த்தனத்துல கூட மத்ததெல்லாம் சொல்லிட்டு இத மட்டும் தாண்டிப் போயிட்டேன். ஃபாதர்கிட்ட சொல்லாதத உன் மெஷின்கிட்ட சொல்லியிருக்கேன். அதுக்குப் பச்ச டிக்கு குடுத்திருக்கு.

... அன்னிக்கா? அன்னிக்குக் கரண்ட் இல்லப்பா. ஹீட்டர் ஓடல. அந்தப் பொண்ணு போர்வையச் சுத்திக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிது, ஒதடெல்லாம் நீலம். கல்யாணமாகி ஒம்பது நாளு. "ஆன்ட்டி, குளிரு தாங்கல"ங்குது. நான் சூசையக் கூப்பிட்டு, இரும்புச் சட்டியில கரியப் போட்டுப் பத்த வச்சு உள்ள வையின்னேன். அவன் மாட்டேன்னுட்டான். "வேணாங்கம்மா, அங்க சிலோன் எஸ்டேட்டுல எங்க லயத்து வீட்டுல இப்புடித்தான், கரிய வச்சுக்கிட்டு கதவச் சாத்திப் படுத்த தாயும் புள்ளைகளுமா நாலு பேரு கரிப்பொகையில மூச்சடைச்சு காலையில எந்திரிக்கல, நான் தூக்க மாட்டேன்"னு ஒரே புடியா நின்னான். நான் கேட்டனா? "உன் சிலோன் கதையக் கொண்டு போய்க் குப்பையில போடு"ன்னேன். வாடக வாங்கிட்டு ஆள நடுங்க விடுறேன்னு சொல்லுவாகளேன்னு எனக்குப் பயம். நானே பத்த வச்சேன். நானே தூக்கிட்டுப் போய் கட்டிலுக்குப் பக்கத்துல வச்சேன். மஞ்சுப்பனி உள்ள வருதுன்னு ஜன்னலச் சாத்தினதும் நான்தான். அந்தப் பொண்ணு, "தேங்க்ஸ் ஆன்ட்டி, நல்லா கதகதன்னு இருக்கு"ன்னுச்சு.

... அழுகலப்பா. சளி.

... சூசை ஏன் ஒத்துக்கிட்டானா? அவன் குடியிருக்கிறது என் எடத்துல. அவன் பொண்டாட்டி குஞ்சம்மா என் அடுப்படியில. எஸ்டேட்ட விட்டு கப்பலேறி வந்ததுக்கு அப்பறம் அவுகளுக்குன்னு இருக்கிற கூரை இது ஒண்ணுதான். "நீங்க உள்ள போனா காட்டேஜ மூடிருவாங்கம்மா, நாங்க எங்கிட்டுப் போக, நான் பாத்துக்கிறேன்"னான். அவனாத்தான் சொன்னான். நான் கேக்கல... ஆனா வேணாம்னும் சொல்லல, பிரதீப்பு. அவன் சொன்ன ஒடனே எனக்கு நெஞ்சுல இருந்து கல்லு எறங்கின மாதிரி இருந்துச்சு. அந்த நிம்மதிய நெனச்சாத்தான் இப்ப எனக்கு அருவருப்பா இருக்கு.

... ம்... சொல்லு... இப்பவே எடுத்துரலாமா? ... எம்புட்டு நேரமாகும்? ... ஒரு நிமிசமா. ஒரே நிமிசத்துல போயிருமா... ஓ. நம்ம கிட்டருந்து போயிரும், ஆனா தேடுற எடத்துல அதோட நகல் கொஞ்ச நா கெடக்குமா... எம்புட்டு நா? ... வியாழக்கெழமைக்குள்ள போகாது. சரி. போனாலும் அவரு பிரிண்ட் எடுத்து வச்சிருக்க மாட்டாரா? மண்டியில கம்ப்யூட்டர் இருக்குல்ல.

... இரு, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. யாரோ நம்ம வெப்சைட்டுக்குள்ள பூந்து எழுதிட்டான்னு சொல்லலாமா? ... இல்லன்னா அந்த ரிப்போர்ட்டு மெஷினே எழுதிருச்சுன்னு... அதுதான எல்லாத்தையும் செய்யச் சொல்லுது, அதுவே எழுதினதாவும் இருக்கட்டுமே. நீ வெப்சைட் போட்ட ஆளு, நீ வந்து சொன்னா கோர்ட்டுல நம்புவாகள்ல? ... பிரதீப்பு? ... ம்... ம்... என் பாஸ்வேர்டு, என் வீட்டு லைனு, தேதி, மணி எல்லாம் பதிவாயிருக்கும்... அதுக்காக முடியாதா, இல்ல உனக்கு மனசு இல்லையா? ... ரெண்டுமா. சரிப்பா. நேரா சொன்னியே, அது போதும். உன் வயசுல எனக்கு அந்தத் தைரியம் இருந்திருந்தா அன்னிக்கே... விடு. வயசு என்ன வயசு, எனக்கு இப்ப அம்பத்தாறு.

...

"என்ன சூசை, மறுபடியும்? ... வெயிலு போயிருமா? ... சரி, அங்கேயே நில்லு, வர்றேன்."

வாசல்ல சட்டையத் தோச்சுக் காயப் போட்டிருக்கான், பிரதீப்பு. என் வீட்டுக்காரர் சட்ட. அவரு தவறிப் போனதுக்கு அப்பறம் பெட்டியில கெடந்துச்சு, கோர்ட்டுக்குப் போட்டுட்டுப் போன்னு போன வாரம் நான்தான் எடுத்துக் குடுத்தேன். இஸ்திரி போட்டு மடிச்சுக் குடுத்தேன். புண்ணியம் பண்ற மாதிரி குடுத்தேன். அத அவன் பத்தரமா இன்னொரு தடவ தோச்சுப் போட்டிருக்கான், கறை இருந்துரக் கூடாதுன்னு.

...

எடுக்காத.

... காது கேக்கலையா? அந்தப் பக்கத்த எடுக்காதங்கிறேன். அப்படியே கெடக்கட்டும்... தெரிஞ்சுதான் சொல்றேன்... இல்லப்பா, திடீர்னு நல்லவளாயிட்டேன்னு நெனச்சுக்காத. மாட்டிக்கிட்டேன். மாட்டலன்னா வியாழக்கெழம சூசைய பஸ் ஏத்தி விட்டுட்டு வந்து நான் ரூம் புக்கிங் எழுதிக்கிட்டு இருந்திருப்பேன். அது எனக்கே தெரியும்.

... ஆனா அந்தப் பக்கத்துல ஒண்ணு விட்டுப் போச்சு. நீ அங்கருந்தே அடி. கடைசியில போடு. இங்கிலீஷ்ல நீ நல்லா போட்டுக்க, நான் தமிழ்ல சொல்றேன். "கரி வைக்க வேண்டாம் என்று வாட்ச்மேன் சூசைமுத்து சொன்னார். நான் கேட்கவில்லை. அவர் அந்த அறைக்குள் வரவே இல்லை"... அடிச்சிட்டியா? ... இல்ல, 'நாங்க கேக்கல' இல்ல. 'நான்'. நான்னு போடு... வாசி... ம்... சரி.

அப்பறம் டைட்டில். டைட்டில்ல அந்த வார்த்தைதான் மொதல்ல வரணும்னு ரிப்போர்ட்ல இருக்கு. அதுக்கு முன்னாடி என் பேரப் போடு. முழுப் பேரு, லீலா ஞானப்பிரகாசம்... என்ன? மார்க் கொறையுமா? ... பி ஆயிருமா? ... ஆகட்டும். அடுத்த திங்கக்கெழம அந்த ரிப்போர்ட்ட வாசிக்க நான் வீட்டுல இருக்கேனோ என்னமோ. வந்தா நீயே வச்சுக்க.

போட்டோவ எடுத்துரு. பூப்போட்ட போர்வய அந்த மனுசன் மறுபடி பாக்க வேணாம். அது ஒண்ண மட்டும் எடுத்துரு... நன்றிப்பா.

... இப்ப சேனாதிபதிக்குத்தான் போட்டுப் பேசப் போறேன்... என்ன சொல்றதா? தெரியல. "வாசிச்சது நெசம், வியாழக்கெழம நான்தான் கூண்டுல நிப்பேன்"னு சொல்லுவேன். அவரு வச்சிட்டாருன்னா மறுபடி போடுவேன்... வக்கீலா? வக்கீல அப்பறம் பாப்போம். வக்கீலக் கேட்டா, வாய மூடச் சொல்லுவாரு. பதினோரு மாசமா மூடித்தான வச்சிருந்தேன்.

... இல்ல, நீ வர வேணாம். உன் மீட்டிங்க பாரு. உங்கம்மாகிட்ட நீயே சொல்லிரு, பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்க வேணாம்... ம்... ம்... சாப்புட்டேன்... சாப்புடல, பொய் சொல்றேன் பாரு, இன்னும் வாயில வருது. ஒரே நிமிசம், இவன் வேற நின்னுக்கிட்டே இருக்கான்.

"சூசை, உள்ள வா... செருப்போடவே வா, பரவாயில்ல. ஒக்காரு... அட, ஒக்காருங்கிறேன்ல. அந்த வால்வ எனக்குக் காட்ட வேணாம்ப்பா. நீயே மூடு, தெனமும் நீயே மூடு. நீ எங்கயும் போகல. அந்தச் சட்டைய எடுத்து மடிச்சு வையி... இல்ல, வாய்தா ஒண்ணும் தள்ளிப் போகல..."

பிரதீப்பு, வச்சிர்றேன். சூசை அழுகுறான்.